கேள்வி கேட்ட டாக்டர் அம்மா



மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும், பெரியவங்க யாராவது ஒருத்தரோட வாழ்க்கையா இருந்தா நல்லதுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. பத்தாவது முடிச்சு பதினெட்டு வருசத்துக்கு மேல ஆச்சு. அதுக்கப்புறம் நான் எழுதினதெல்லாம் குழுவோட தீர்மான நோட்டு மட்டும்தான். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நான் எழுதப் போறது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பற்றி. இந்தப் பேர் நம்ம எல்லோருக்கும் தெரியும். 2013-ல் என் மூத்த பொண்ணு பிறந்தப்போ மகப்பேறு நிதி உதவி 12,000 ரூபாய், 4,000 வீதம் மூணு தவணையா வந்தது. முதல் தவணையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினோம். விண்ணப்பத்தின் மேலே அந்த அம்மா பேர் பெரிசா அச்சடிச்சிருந்தது. ரெட்டின்னு இருந்ததால ஆந்திராக்காரங்க யாரோன்னு நினைச்சேன். யாருன்னு கேட்கணும்னு கூடத் தோணலை. கேட்காம இருக்கிறதுதான் என் பழக்கமா இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்றேன்.

அம்மையார் பிறந்தது புதுக்கோட்டையில், 1886 ஜூலை 30-ம் தேதி. அப்போ புதுக்கோட்டை தொண்டைமான் ராஜா ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வரா இருந்தவர். அம்மா சந்திரம்மாள். அவங்க கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடுகிற வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவங்க. அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளையை அந்தக் காலத்து ஊர் எப்படிப் பார்த்திருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்லை. நம்ம ஊரிலயே இன்னைக்கும் என்னென்ன பேசுறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.

மெட்ரிகுலேஷன் வரைக்கும் படிச்சாச்சு. அதுக்கு மேல படிக்க கல்லூரி ஒண்ணுதான் இருந்தது, அது ஆம்பளைப் பசங்க கல்லூரி. பொம்பளைப் பிள்ளை வந்தா பையன்க கெட்டுப் போவாங்கன்னு எதிர்ப்பு. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கே வந்து சேர்த்துக்கச் சொன்னதால்தான் இடம் கிடைச்சது. மூடின வண்டியில் போய், வகுப்பில் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து படிச்சாங்களாம். திரைக்குப் பின்னாடி இருந்தாலும் பாடம் காதில் விழுந்திருக்கும் இல்லைங்களா.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாங்க. அங்கே அறுவை சிகிச்சை சொல்லிக் கொடுத்த வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருத்தர் தன் வகுப்பில் பெண்களை உட்கார விடறதில்லை. கத்தி பிடிக்கிற வேலை பெண்ணுக்கு ஆகாதுங்கிறது அன்றைக்குப் பெரிய டாக்டர்களே நம்பின விஷயம். அறுவை சிகிச்சைப் பரீட்சையில் முத்துலட்சுமி எடுத்த மார்க்கைப் பார்த்த பிறகு அவர் மனசு மாறி, பெண்களைச் சேர்த்துக்கிட்டார். அந்த மனுசரையும் ஒரு விதத்தில் பாராட்டணும்னு நான் நினைக்கிறேன். தான் நினைச்சது தப்புன்னு தெரிஞ்சதும் மாத்திக்கிட்டார் பாருங்க. மாத்திக்காதவங்கதான் அதிகம்.

1912-ல் டாக்டர் பட்டம். அதுக்கப்புறம் சென்னை எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் வேலை. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரெட்டிங்கிறது அப்படி வந்த பேர்தான். என்னைச் சமமா நடத்தணும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிக்கக்கூடாதுன்னு முதல்லயே பேசி, அவர் ஒத்துக்கிட்ட பிறகுதான் கல்யாணம். இதை எங்கூட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். காபி ஆறிப் போச்சுன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

சட்டசபைக் கதை எல்லோருக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும், அதனால சுருக்கமாச் சொல்லிடறேன். 1926 கடைசியில் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரின்னு பேசினாங்க. கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கணும்னு மசோதா கொண்டு வந்தாங்க. சாஸ்திரம், பரம்பரை, தர்மம்னு படிச்ச பெரிய மனிதர்களே எதிர்த்துப் பேசினாங்க. அத்தனை பேருக்கும் சபையில் நின்று பதில் சொன்னவங்க இவங்க. காந்தியைக் கைது பண்ணினப்போ 1930-ல் பதவியை விட்டுட்டாங்க. பொட்டுக் கட்டுறதைத் தடுக்கிற முழுச் சட்டம் 1947-ல்தான் வந்தது. சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்காம, கதியில்லாம வந்த பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிலயே வச்சுக் காப்பாத்தினாங்க. அதுதான் அவ்வை இல்லம் ஆச்சு.

நான் சொல்ல வந்தது இதைவிட வேற ஒரு சண்டையைப் பற்றி. அது டாக்டர்களுக்குள்ளயே நடந்தது.

அம்மையாருக்கு ஒரு தங்கச்சி. 1920-களின் தொடக்கத்தில் அந்தப் பொண்ணுக்கு மலத்தோடு ரத்தம் போச்சு. பார்த்தவங்க சீதபேதின்னு சொல்லி அதுக்கே மருந்து கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அது சீதபேதி இல்லை, ஆசனக்குடலில் புற்றுநோய். கண்டுபிடிச்சப்போ கை மீறிப் போச்சு. சின்ன வயசிலயே ரொம்ப வேதனைப்பட்டு இறந்து போனாங்க. அக்கா டாக்டர். கூடவே இருந்து பார்த்துக்கிட்டும் காப்பாத்த முடியலை.

இதைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன். எங்க அம்மாவுக்கும் இதேதான்.

அம்மா ராசிபுரம் பக்கம். குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை, சீசன்ல ஜவ்வரிசி மில்லில் கிழங்கு உரிக்கிற வேலை. அவங்களுக்கும் ரத்தம் போச்சு. பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிட்டுப் போனேன். மூலம்னு சொன்னாரு. மாத்திரை, களிம்பு கொடுத்தாரு. எட்டு மாசம். அந்த எட்டு மாசத்தில் ஒரு தடவை கூட அம்மாவைப் படுக்க வச்சுப் பரிசோதனை பண்ணலை. அம்மா இளைச்சுக்கிட்டே வந்தாங்க. ரவிக்கை தொளதொளன்னு ஆச்சு. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் நின்னேன். களிம்பு போட்டும் ஏன் நிக்கலைன்னு ஒரு வார்த்தை கேட்கலை. படிச்சவர்கிட்ட எப்படிக் கேட்கிறது, கோவிச்சுக்குவாரோன்னு பயம். நம்ம குழுவில் தவணைக்கு வட்டி ஏன் நாலு ரூபாய் கூடுதலா இருக்குன்னு அரை மணி நேரம் சண்டை போடற ஆளு நான்.

கடைசியில் எங்க குழு உறுப்பினர் ஒரு அக்கா, வீடு வீடா வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற தன்னார்வலர், அம்மாவைப் பார்த்த அன்னைக்கே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னாங்க. அங்கே குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ஆபரேஷன் பண்ணினாங்க. அதுக்கப்புறம் அம்மா ஒன்றரை வருசம் இருந்தாங்க.

அம்மையாருடைய கதைக்கு வர்றேன். தங்கச்சி போன துக்கத்தோட அவங்க வீட்டில் உட்காரலை. 1925-ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனப்போ, லண்டனில் புற்றுநோய்க்குன்னே இருந்த ஆஸ்பத்திரியில் போய்க் கத்துக்கிட்டாங்க. அங்கே நேரத்தோடு வந்தவங்க பிழைச்சுப் போறதைப் பார்த்தாங்க. நம்ம நாட்டிலும் அப்படி ஒரு தனி ஆஸ்பத்திரி வேணும்னு மனசில் பதிஞ்சது. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அத்தனை டாக்டர்களும் கூடியிருந்த அந்த மேடையில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேணும்ங்கிற விஷயத்தை எடுத்துப் போட்டாங்க.

ஆதரவு கிடைக்கலை. ஆட்சியில் இருந்தவங்களும் சரி, டாக்டர்களில் பல பேரும் சரி, வேண்டாம்னாங்க. புற்றுநோய் வந்தா எப்படியும் சாவுதான், சாகப் போறவங்களுக்கு எதுக்கு ஒரு ஆஸ்பத்திரிங்கிறதுதான் அன்னைக்கு எல்லோருடைய எண்ணமும்.

அவங்க பக்கத்திலும் நியாயம் இல்லாம இல்லை. காலரா, அம்மை, மலேரியா, காசநோய்னு கொத்துக் கொத்தா ஜனங்க செத்த காலம். இருக்கிற காசை எதுக்குச் செலவு பண்றதுன்னு கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். அதோட சென்னை பெரிய ஆஸ்பத்திரியிலேயே கதிர் வைத்தியத்துக்கு பர்னார்டு பேரில் ஒரு பிரிவு 1934-ல் திறந்திருந்தாங்க. அது போதும்னு சொன்னாங்க.

ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. அந்த டாக்டர்கள் பொய் சொல்லலை. அவங்க பார்த்த புற்றுநோய்க்காரங்க எல்லாம் நிஜமாவே செத்துத்தான் போனாங்க. ஏன்னா எல்லோரும் கடைசியில்தான் வந்தாங்க. முன்னாடியே கண்டுபிடிக்க இடமில்லை, ஆளில்லை. அதனால முத்தின பிறகு வர்றாங்க. முத்தின பிறகு வர்றதால சாகுறாங்க. சாகுறதால வைத்தியம் இல்லைன்னு முடிவு கட்டுறாங்க. வைத்தியம் இல்லைங்கிறதால ஆஸ்பத்திரி கட்டலை. செக்கு மாடு மாதிரி சுத்திச் சுத்தி அதே இடம். செக்கைச் சுத்துறவங்களுக்கு இது தெரியாது. வெளியே நின்னு யாராவது கேட்கணும். தங்கச்சியை இழந்த ஒருத்தி கேட்டாங்க.

கேட்டதோட நிற்கலை. அம்மையார் இருந்த இந்திய மாதர் சங்கம் 1917-ல் அடையாறில் ஆரம்பிச்சது. அந்தச் சங்கத்து மூலமா 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதின்னு ஒண்ணு தொடங்கி, ஊர் ஊரா வசூல் பண்ணினாங்க. அப்போ அவங்களுக்கு அறுபது வயசு தாண்டியாச்சு. பெரிய மனிதர்களைப் பார்த்துக் கேட்டும், கையில் கிடைச்சதைச் சேர்த்தும் அந்த நிதி வளர்ந்தது. நம்ம வாரா வாரம் நோட்டில் எழுதி வைக்கிற சேமிப்பு மாதிரிதான்னு வச்சுக்குங்களேன். 1952-ல் பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. எத்தனை படுக்கை தெரியுமா? 12. நம்ம ஆரம்ப சுகாதார நிலையம் அளவுதான் இருக்கும். இன்னைக்கும் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பேரோட கூடவே டபிள்யூ.ஐ.ஏ.ன்னு இருக்கும். அது அந்த மாதர் சங்கத்தின் பேர்.

அங்கே வைத்தியம் பார்த்தது அம்மையாருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைச்ச நல்ல வேலையை விட்டுட்டு வந்தவங்க. அதுக்கப்புறம் 2021-ல் சாகுற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியே அவங்களுக்கு வீடு. 1957-லேயே கோபால்ட் கதிர் மிஷின் கொண்டு வந்தாங்க. வெத்தலை, புகையிலை போடறவங்களுக்கு வர்ற வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரும் மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, எத்தனை பேர் தேறினாங்க, எத்தனை பேர் தேறலைன்னு கணக்கு வச்சு மத்த டாக்டர்களுக்கு எழுதிக் காட்டினாங்க. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோயைப் பற்றி அப்போ யாரும் நம்பிக்கையே வைக்கலை. அதுக்கும் 1960-களில் தனி வார்டு போட்டாங்க. இன்னைக்கு அந்த நோயில் இருந்து நிறையக் குழந்தைகள் குணமாகிப் போகுதுங்க.

கணக்கு வச்சுக் காட்டினாங்கங்கிறதை நான் அழுத்திச் சொல்றேன். ஏன்னா கேள்வி கேட்கணும்னு சொன்னா அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிறவங்களும் இருக்காங்க. எங்க தெருவில் ஒரு அண்ணி போனில் வந்த ஏதோ வீடியோவைப் பார்த்துட்டு சுகர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. கால் புண் ஆறாம இப்போ ரெண்டு விரல் இல்லை. அவங்க டாக்டரை எதுவும் கேட்கலை. டாக்டரை விட்டுட்டு வீடியோவைக் கேட்டாங்க, அதையும் கேள்வி கேட்காம.

அதே காலத்தில் அதே சென்னையில் நடந்த இன்னொண்ணையும் சொல்லணும். காசநோய் வந்தவங்களைத் தனி ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கா வைக்கணும், நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாம குணமாகாதுன்னு அப்போ உலகம் பூரா டாக்டர்கள் நம்பினாங்க. அத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போறது? 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சு, நோயாளிகளில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் வச்சும், பாதிப் பேருக்கு அவங்க ஏழை வீட்டிலயே மாத்திரை கொடுத்தும் ஒரு வருசம் பார்த்தாங்க. வீட்டில் இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினாங்க. கூட இருந்த குடும்பத்துக்காரங்களுக்கு அதனால கூடுதலா நோய் வரலை. 1959-ல் அந்த முடிவு வெளியான பிறகு உலகமே வழியை மாத்திக்கிச்சு. இன்னைக்கு நம்ம ஊரில் டி.பி. வந்தவங்க வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறாங்கன்னா அது அங்கே தொடங்கினது.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் பத்மபூஷண் கொடுத்தாங்க. 1968 ஜூலை 22-ம் தேதி காலமானாங்க. இன்னும் எட்டு நாள் இருந்திருந்தா 82 வயசு முடிஞ்சிருக்கும். அவங்க பிறந்த ஜூலை 30-ம் தேதியை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாக் கொண்டாடணும்னு தமிழ்நாடு அரசு 2019-ல் அறிவிச்சது.

எங்க அம்மாவைப் பற்றி எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். என் தம்பிக்கு இது பிடிக்காது. அந்த டாக்டரும் வேணும்னு பண்ணியிருக்க மாட்டார்னு சொல்வான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மூலம்தான் பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும்னு அவர் நினைச்சிருப்பார். முதல் மாசம் அப்படி நினைச்சதில் தப்பில்லை. மூணாவது மாசம் நான் வாயைத் திறந்திருக்கணும். திறந்திருந்தா அவர் கோவிச்சிருப்பாரோ, இல்லை ஒரு நிமிசம் யோசிச்சிருப்பாரோ. எனக்கு இனி தெரியப் போறதில்லை.

போன மாசக் கூட்டத்தில் தவணை வசூல் முடிஞ்ச பிறகு இந்தக் கதையைக் குழுவில் சொன்னேன். முப்பது வயசு தாண்டினவங்க எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகமும் கர்ப்பப்பை வாயும் பரிசோதனை பண்ணிக்கிறதுன்னு தீர்மானம் எழுதினோம். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் போயிட்டு வந்தாச்சு. எனக்குப் பார்த்து முடிச்சதும் நர்ஸ் அக்கா சீட்டில் ஏதோ எழுதிக் கையில் கொடுத்தாங்க. வாங்கி மடிச்சு மணிபர்ஸில் வைக்கப் போனவ, நின்னு, இதில் என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். கூட்டம் நிறைய இருந்தது. இருந்தாலும் அவங்க ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் படிச்சுச் சொன்னாங்க. ஒண்ணும் இல்லை, மூணு வருசம் கழிச்சுத் திரும்ப வரணும்.

மீதி அஞ்சு பேர் வர்ற வியாழக்கிழமை போறாங்க. குழுவில் இல்லாட்டியும் எங்க மாமியாரையும் அவங்களோட கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். இந்த வயசில் எனக்கு எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்.